வென்ட்வர்த்வில்லை விட்டுப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் சிட்னிக்கு வந்தவள். மேற்குச் சிட்னியிலுள்ள வென்ட்வர்த்வில்லில் என் பெயரில் உள்ள வீட்டில் என் துணைவியுடன் 9 ஆண்டுகளாக வாழ்கிறேன். வீட்டுக்கடனில் பாதியை அவர் கட்டிவருகிறார். அவர் கிரேஸ்டேன்ஸில் வளர்ந்த மோல்டா வம்சாவளிப் பெண். அவருடைய குடும்பத்துக்கு எங்களைப் பற்றித் தெரியும். வீட்டின் பின்புறம் அம்மாவின் பணத்தில் கட்டிய கிரானி பிளாட் எனப்படும் சிறு தனிவீட்டில் அம்மா இருக்கிறார். அம்மாவுக்கும் உறவினருக்கும் என் துணைவி "வீட்டைப் பகிர்ந்திருக்கும் சிநேகிதி" மட்டுமே. நகர மையத்துக்கு அருகிலுள்ள நியூடவுனில் வசிக்கும் எங்கள் நண்பர்கள், "நமக்கு எதிராக வாக்களித்த ஊரில் பொய் சொல்லிக்கொண்டு ஏன் இருக்கிறீர்கள்? வீட்டை விற்றுவிட்டு இங்கே வாருங்கள்" என்கிறார்கள். துணைவிக்கு இடம் மாற விருப்பமில்லை. ஆனால் கோயில் திருவிழா நாட்களில் வீட்டில் தனியே இருந்து அவருக்குச் சலித்துவிட்டது. சந்தேகம் கொண்ட அண்ணி, "ஜெபம் செய்து இதை மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்" என்று ஒருமுறை சாடையாகச் சொன்னார். நாங்கள் கோழைகளா? இங்கிருந்து போகத்தான் வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எங்கே வாழ்வது என்ற கேள்வியும், யாருக்கு எதைச் சொல்வது என்ற கேள்வியும் உங்கள் கடிதத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலாவதற்கு விடை கண்டால் இரண்டாவது தானாகத் தீர்ந்துவிடும் என்று உங்கள் நண்பர்கள் எண்ணுகிறார்கள். மேற்குச் சிட்னியில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நியூடவுனுக்குப் போன மறுநாளும் அம்மா தொலைபேசியில் அழைப்பார், "வீட்டில் ஆர் நிற்கினம்?" என்று கேட்பார், "சிநேகிதி" என்ற அதே பதில்தான் அப்போதும் உங்கள் வாயில் வரும். வீட்டுக்கடன் மட்டும் கூடியிருக்கும்.

உங்கள் ஊரைப் பற்றி நண்பர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஒரே பாலினத்தவரும் மணம் செய்ய உரிமை தரும் திருமணச் சமத்துவம் குறித்து 2017இல் நடந்த அஞ்சல்வழிக் கருத்தெடுப்பில் நாடு முழுவதும் 61.6 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். பரமட்டா தொகுதியில் அதே 61.6 சதவீதத்தினர் இல்லை என்றார்கள். நாட்டின் 150 தொகுதிகளில் இல்லை என்று சொன்னவை 17. அவற்றில் 12 மேற்குச் சிட்னியில் இருந்தன. பிளாக்ஸ்லாந்து தொகுதியில் மறுப்பு 73.9 சதவீதம் வரை போனது. நகரின் நடுவே இருக்கும் சிட்னி தொகுதியில் ஆதரவு 83.7 சதவீதம். அந்த மாதங்களில் பாடசாலை வாசலிலும் கோயில் மடைப்பள்ளியிலும் தேவாலய முற்றத்திலும் நம்மவர்கள் கதைத்தவற்றைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றவர்களின் காயம் இன்னும் ஆறவில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் அதே கணக்கில் மறுபக்கமும் இருக்கிறது. இன்னும் தொலைவிலுள்ள பென்ரித்தை உள்ளடக்கிய லிண்ட்சே தொகுதி 56.2 சதவீதம் ஆம் என்று சொன்னது. ஆகவே தூரம் கூடக் கூட வெறுப்பும் கூடும் என்பது நகரவாசிகளின் கற்பனை. பரமட்டாவிலேயே ஆம் என்று குறித்து அனுப்பியவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பலர் அதை வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். மறுப்புச் சத்தமாகவும் ஆதரவு மௌனமாகவும் இருக்கும் ஊரில் வாழ்கிறவர், எதிரில் வரும் எல்லோரையும் எதிரி என்று எண்ணிவிடுவது எளிது.

2024 மே மாதம் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊர் நூலகத்தை நடத்தும் கம்பர்லாந்து நகரசபை, ஒரே பாலினப் பெற்றோரைப் பற்றிய புத்தகங்களை நூலகங்களிலிருந்து அகற்ற வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானித்தது. இரண்டு வாரங்களுக்குள், 40,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு வந்த பிறகு, அதே சபை 12க்கு 2 என்ற வாக்குகளால் அந்தத் தீர்மானத்தைக் கைவிட்டது. கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் நம் பகுதியினர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சபையில் மனம் மாறிக் கை உயர்த்திய உறுப்பினர்கள் கிரான்வில், மெரிலாண்ட்ஸ், வென்ட்வர்த்வில் மக்களின் வாக்கில் வந்தவர்கள். ஒரே ஊரில் அந்த முதல் கூட்டமும் நடந்தது, இரண்டாவது கூட்டமும் நடந்தது. எது உங்கள் ஊர் என்று கேட்டால் இரண்டும்தான்.

நகரத்தைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. 1978 ஜூன் 24ஆம் திகதி இரவு சிட்னியில் நடந்த, தன்பாலீர்ப்பாளர்களின் முதல் மார்டி கிரா ஊர்வலத்தில் 53 பேர் கைதானார்கள். அவர்களுடைய பெயர்கள் நாளிதழில் அச்சாகி, சிலர் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். ஆண்களுக்கிடையிலான உறவு இந்த மாநிலத்தில் 1984 வரை குற்றமாக இருந்தது. வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு ஒரு வீதியாவது வேண்டியிருந்தது. சிட்னி நகரின் ஆக்ஸ்போர்ட் வீதி அப்படித்தான் உருவாயிற்று. இன்று நீங்கள் இருவரும் விரும்பினால் சட்டப்படி மணம் செய்யலாம் என்றால், அந்த வீதியில் அடி வாங்கியவர்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் கண்ட வழி குடும்பத்தை விட்டு வெளியேறியவர்களின் வழி. நம்மில் பலருக்குக் குடும்பம் என்பது பாசம் மட்டுமல்ல. விசாவுக்குக் கையெழுத்திட்டவர், வீடு வாங்க முன்பணம் தந்தவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர், நாளை ஈமக்கிரியைக்கு நிற்கப்போகிறவர் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். ஒரு போரிலிருந்து தப்பி வந்து, மிஞ்சிய உறவுகளை ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் சேர்த்து வைத்திருக்கும் ஒரு தாயின் மகளிடம், "எல்லாவற்றையும் உதறிவிட்டு வா" என்பது இலேசான சொல் அல்ல. அப்படி உதறாதவரைக் கோழை என்று அழைக்க எனக்கு நியாயம் தெரியவில்லை. நகரத்துக் கூட்டங்களில் தாங்கள் மட்டும் வேற்று நிறத்தவராக நின்ற அனுபவத்தைச் சொல்லும் தெற்காசியர்களும் உண்டு. டிரைகோன் போன்ற தெற்காசியத் தன்பாலீர்ப்பாளர் அமைப்புகள் இங்கே தேவைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

புறநகரில் இத்தகைய வாழ்க்கை இல்லை என்பதும் பிழையான எண்ணம். அது வீதியில் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நகரத்தில் நடந்து போகும் தூரத்தில் மதுக்கடையும் புத்தகக் கடையும் வானவில் கொடியும் இருக்கின்றன. இங்கே வாழ்க்கை வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் நடக்கிறது. சனிக்கிழமை மாலை யாரோ ஒருவருடைய பின்வளவில் இறைச்சி சுடுகிறார்கள். பெண்கள் உதைபந்தாட்டக் குழுவில் ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கிறார்கள். ஒருவர் வேலைக்குப் போக மற்றவர் பிள்ளையைக் குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறார். உங்கள் துணைவி இதே மேற்கில் பிறந்து வளர்ந்து, கத்தோலிக்கக் குடும்பத்துக்குத் தன்னைப் பற்றிச் சொல்லி, அவர்களோடு நத்தாருக்குச் சாப்பிடுகிறார். நியூடவுன் நண்பர்கள் அவரிடமே ஒருநாள் கேட்டிருக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நண்பர்கள் தவறான காரணம் சொல்லிச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார்கள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். உங்கள் மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதில் பெரும்பங்கை நீங்கள் கொடுக்கவில்லை. உறவினர் வரும் நாளில் படுக்கையறைக் கதவைச் சாத்தி, இரண்டாவது அறையில் தன்னுடைய உடுப்புகளைப் பரப்பி வைப்பவர் உங்கள் துணைவி. திருவிழா நாளில் வீட்டில் இருப்பவரும் அவரே. நாளை நீங்கள் கடும் நோயில் விழுந்தால் வைத்தியசாலையின் நடைபாதையில் யாரோ ஒருவராக நிற்கப்போகிறவரும் அவரே. உங்களுக்குள் பிரிவு நேர்ந்தால், ஒன்பது வருடத் தாம்பத்தியம் முறிந்ததை விசாரிக்க அவருக்குத் தாயும் சகோதரிகளும் இருக்கிறார்கள். உங்களுக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள், வேலைக்கு விடுமுறை கேட்கக்கூட ஒரு காரணம் சொல்ல முடியாது. புறநகரின் உண்மையான ஆபத்தாக நான் காண்பது இந்தச் சாட்சியற்ற தனிமையைத்தான். கல்லெறிபவர்கள் அரிது, நல்லது கெட்டதுக்கு வந்து நிற்க உரிமை பெற்றவர் எவரும் இல்லாமல் போவது பரவலாக இருக்கிறது.

ஆகவே முதல் வேலை பத்திரங்கள். இதற்கு அம்மாவின் சம்மதமோ அண்ணியின் ஆசீர்வாதமோ தேவையில்லை. ஒரு சட்டத்தரணி போதும், அவர் தமிழராக இருக்கவேண்டும் என்றும் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் சட்டம் உங்கள் இருவரையும் இப்போதே துணைவர்களாகவே பார்க்கிறது. மரணசாசனம் எழுதாமல் நீங்கள் இறந்தால், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்து வாழ்ந்த துணைவர் என்ற முறையில், பிள்ளைகள் இல்லாத உங்கள் சொத்து அவருக்கே போக வேண்டும். ஆனால் அந்த உறவை நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழும். "அவ வீட்டில் இருந்த சிநேகிதி, வாடகை தந்தவ" என்று உங்கள் அண்ணன் ஒரு வாக்குமூலம் கொடுத்தால், ஒன்பது வருடமாக நீங்கள் ஊருக்குச் சொன்ன கதையே அவருக்கு எதிரான சாட்சியமாகிவிடும். வீடு உங்கள் பெயரில் மட்டும் இருக்க, கடனில் பாதியை அவர் கட்டிவருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் எதையும் எழுத்தில் வைக்காமல் இருப்பது கவனக்குறைவு என்றே சொல்வேன்.

மரணசாசனத்தோடு சேர்த்து, உங்களால் முடிவெடுக்க இயலாத நிலை வந்தால் சிகிச்சை பற்றி யார் முடிவெடுப்பது என்பதைக் குறிக்கும் என்டியூரிங் கார்டியன் நியமனத்தையும், பணம், சொத்து தொடர்பான அதிகாரப் பத்திரத்தையும் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளுங்கள். சூப்பர் என்று நாம் அழைக்கும் ஓய்வுகாலச் சேமிப்பு மரணசாசனத்தின்படி தானாகப் போவதில்லை. உங்களுக்குப் பிறகு அது யாருக்கு என்பதை நிதியம் மீற முடியாதபடி குறிக்கும் நியமனத்தை அந்த நிதியத்திடம் தனியாகக் கொடுக்க வேண்டும், சில நிதியங்களில் அதை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். மணம் செய்ய இப்போது மனமில்லை என்றால், மாநிலத்தின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகத்தில் 2010 முதல் உறவுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. மேளமும் இல்லை, சாட்சிக்கு உறவினரும் இல்லை. விண்ணப்பித்து 28 நாள் அவகாசம் கழிந்ததும் பதிவாகிவிடும், பிறகு யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கிரானி பிளாட்டுக்கு அம்மா கொடுத்த பணமும் எழுத்தில் வரட்டும்; அங்கே அவர் வாழ்நாள் முழுதும் இருக்கலாம் என்ற உடன்பாடு இருக்கிறதா என்பதைச் சட்டத்தரணியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டை அவசரப்பட்டு விற்றால் முதலில் அல்லற்படப் போவது 70 வயதைத் தாண்டிய அந்த மனுஷிதான். அரசு தரும் செண்டர்லிங்க் உதவிக் கொடுப்பனவிலும் கேள்விகள் எழலாம்.

அண்ணியின் ஆலோசனைக்கு நீண்ட பதில் தேவையில்லை. தன்பாலீர்ப்பு நோயல்ல; உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஒருவருடைய பாலீர்ப்பை மாற்றவோ அடக்கவோ அவரைக் குறிவைத்து நடத்தும் செயல்கள் இந்த மாநிலத்தில் 2025 ஏப்ரல் 4 முதல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. பாரதூரமான தீங்கு விளைந்தால் 5 ஆண்டுகள் வரை சிறை. தன் மதம் இதை ஏற்கவில்லை என்று அண்ணி சொல்வதைச் சட்டம் தடுக்கவில்லை. உங்களை அழைத்துப்போய் எவர் முன்னாலாவது உட்காரவைக்க முயன்றால், இந்தச் சட்டம் இருப்பதை அமைதியாக ஒரு தடவை சொல்லுங்கள். இரண்டாம் தடவை சொல்லவேண்டி வராது என்று நினைக்கிறேன்.

இனி அம்மா. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிவிட்டு, போகிற போக்கில் வேறு சில விடயங்களையும் எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடங்களாக அவர் உங்கள் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை. துணைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது ஒரு வாரம் இரசம் வைத்துக் கொடுத்தார். காலையில் கதவைத் தட்டாமல் இப்போது உள்ளே வருவதில்லை. இவற்றை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்குத் தெரியாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அவரும் உங்களைப் போலவே பேசாமல் இருந்து வீட்டைக் காப்பாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தவறாக ஊகிப்பதாகவும் இருக்கலாம். அதனால்தான் பத்திர வேலைகள் முடிந்த பிறகு இந்தப் பேச்சை எடுங்கள் என்கிறேன், துணைவியின் நிலை அப்போது அம்மாவின் மனநிலையில் தங்கியிராது.

சொல்வதென்று தீர்மானித்தால் தமிழில் சொல்லுங்கள், துணைவி அருகில் இல்லாத நேரத்தில், அம்மாவின் இடத்தில் அமர்ந்து சொல்லுங்கள். கொள்கை விளக்கங்கள் வேண்டாம். "அம்மா, நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வாழ்க்கைத் துணை, வயது போன காலத்திலும் சேர்ந்தே இருப்போம்" என்பது போதும். தனக்குப் பிறகு மகளுக்கு ஆர் இருக்கினம் என்பதே உங்கள் அம்மாவின் வயதுடைய பலருடைய பெரிய கவலை; அந்தக் கவலைக்கு இதில் பதில் இருக்கிறது. இன்னொன்றையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்: அவர் கோபித்தாலும் அழுதாலும் அந்த வீட்டில் அவருடைய இடம் மாறாது. உங்கள் கூரையின் கீழ் இருப்பவர் என்பதால் மறுத்துப் பேசத் தனக்கு உரிமையில்லை என்று அவர் எண்ணக்கூடும். பயத்தில் வரும் சம்மதம் உங்களுக்கு எதற்கு?

அதன் பிறகு அவசரப்படுத்தாதீர்கள். நீங்கள் சொன்ன நாளிலிருந்து, மேஸ் ஹில் முருகன் கோயில் மண்டபத்தில் தன் தோழியரோடு அமர்ந்திருக்கும்போது அவரும் ஒரு மறைப்பைச் சுமக்க வேண்டியிருக்கும். அவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. உங்களுக்குப் பல ஆண்டுகள் எடுத்தது அவருக்கு எட்டு நாளில் கைகூட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஊர் முழுவதற்கும் அறிவிப்பதும் உங்கள் கடமையல்ல. பலசரக்குக் கடையில் சந்திக்கும் மாமிக்கு உங்கள் படுக்கையறை பற்றிய விளக்கம் எதுவும் தேவையில்லை. ஆனால் "சிநேகிதி" என்று பொய்யாகச் சொல்வதை மட்டும் இருவரும் நிறுத்திவிடலாம். பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தினாலே போதும். திருவிழாவுக்கும் அப்படியே அழைத்துச் செல்லுங்கள்; கோயில் வாசலில் யாரும் உறவு முறை கேட்டு உள்ளே விடுவதில்லை. வருவதா, வீட்டில் இருப்பதா என்பதைத் துணைவி தீர்மானிக்கட்டும்.

அம்மாவுக்கு மனச்சுமை கூடிவிட்டால் குடும்ப வைத்தியரிடம் அனுப்புங்கள். நம் பகுதியில் தமிழ் வைத்தியர்கள் பலர் இருக்கிறார்கள். இரகசியம் காப்பது அவர்களுடைய சட்டக் கடமை. ஆனாலும் திருமண வீடுகளில் சந்திக்கிறவரிடம் வாய் திறக்க அம்மா தயங்கினால், அது புரிந்துகொள்ளக்கூடியதே. வேறு மொழி வைத்தியரிடம் போய், 131 450 என்ற இலக்கத்தில் இயங்கும் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையின் மூலம் தமிழ் உரைபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் கேட்கலாம்; அவர் மெல்பேர்னிலோ பேர்த்திலோ இருப்பவராக இருக்கலாம் என்பதே சிலருக்கு ஆறுதல். உங்களுக்கும் துணைவிக்கும், யாரிடமாவது பேசித்தான் ஆகவேண்டும் என்று தோன்றும் நாட்களில், தன்பாலீர்ப்பாளர்களுக்கான தொலைபேசி உதவிச் சேவையான கியூலைஃப் 1800 184 527 என்ற இலக்கத்தில் இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவிடம் பேசிய அன்றிரவு அந்த இலக்கத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள், அழைக்காவிட்டாலும் பரவாயில்லை.